வடக்கே வாய்க்கால்



சென்ற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, கிழக்குத் தாம்பரத்தை அடுத்துள்ள நம் குடியிருப்பின் பின்புறத்தில் தூர்ந்து கிடந்த பழைய வாய்க்காலைத் தூர்வாரும் பணி தொடங்கிற்று. வட்டாரத் தொண்டு அமைப்பு ஒன்று உரிய இசைவைப் பெற்று, மண்வெட்டிகளும் கூடைகளும் கையுறைகளும் கொணர்ந்து, தன்னார்வத்துடன் வந்தவர்களைக் குழுக்களாகப் பிரித்துப் பணியில் அமர்த்தியது. கல்லூரி மாணவர், கணினி நிறுவன ஊழியர், ஓய்வு பெற்ற இரயில்வே பணியாளர், இல்லத்தரசியர் என்று ஏறத்தாழ நாற்பது பேர் வந்திருந்தனர். எழுபது வயதைக் கடந்துவிட்ட நாம் மண்வெட்டி பிடிக்கும் நிலையில் இல்லை. ஆகவே ஒரு பானை மோருடன் கரையிலிருந்த வேப்பமர நிழலில் அமர்ந்து, இளைத்து வந்தவர்க்கு மோர் வார்க்கும் பணியை ஏற்றுக்கொண்டோம்.

அவர்களுள் நம் சமூகத்தைச் சார்ந்த இளைஞர் ஒருவரும் இருந்தார். உறவு முறையில் நமக்குப் பேரன் ஆகவேண்டியவர். சிறுவயதில் விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் நம்மிடம் பாடம் கேட்டவர். அவர் ஒரு கூடைச் சேற்றைக் கரையில் கவிழ்த்தார். கவிழ்த்தவர் அதையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். அச்சேற்றில் நத்தைகள் இருந்தன, புழுக்கள் நெளிந்தன, வால் உதிராத தவளைக் குஞ்சு ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு நம்மருகே வந்தார். "பாட்டி, எறும்பையும் மிதிக்கக் கூடாது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். இந்த ஒரு கூடையில் எத்தனை உயிர் என்று எண்ணக்கூட முடியவில்லை. நான் இப்போது செய்வது புண்ணியமா, பாவமா?" என்று கேட்டார்.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நமக்கு முதன்முதலில் கற்பித்த பாடம், விடை தெரியாத வினாவிற்கு விடை தெரிந்ததுபோல் நடிக்கலாகாது என்பது. ஆகவே, சிந்தித்துச் சொல்வதாகக் கூறி அவரை அனுப்பினோம். அவரும் சிறிது நேரம் நின்றுவிட்டு மீண்டும் பணிக்குச் சென்றார். அவர் கேட்டதைப் பல நாள் சிந்தித்ததன் பயனே இக்கட்டுரை. விடை நாம் எதிர்பார்த்த இடத்திலிருந்து வரவில்லை என்பதையும் இங்கே ஒளியாமல் கூறிவிடுகிறோம்.

நீர் நடந்த வழி

முதலில் அவ்வாய்க்கால் எதற்காக இருந்தது என்பதை அறிதல் வேண்டும். இன்று தென்சென்னைப் புறநகர் என்று நாம் வழங்கும் பகுதி முழுவதும் ஒரு காலத்தில் ஏரிகளால் ஆன நாடு. ஓர் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியே வழியும் மிகுநீர் வாய்க்காலில் இறங்கி, அடுத்த ஏரியைச் சென்றடையும். சிட்லபாக்கம் ஏரியின் மிகுநீர் செம்பாக்கம் ஏரிக்கும், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளின் வழியே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திற்கும் செல்லும். சதுப்பு நிலம் அந்நீரைத் தன்னுள் தேக்கி, மிகுந்ததை ஒக்கியம் மடுவின் வழியே பக்கிங்காம் கால்வாய்க்கு அனுப்பும். அது கோவளத்தருகே கடலை அடையும். மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்து நீர் அடையாற்றை நாடும். இச்சங்கிலியில் ஏரியைப் பற்றிப் பேசுவோர் பலர். கண்ணிக்கும் கண்ணிக்கும் இடையே கிடக்கும் வாய்க்காலை நினைப்பவர் சிலரே.

நம் முன்னோர் அதனை நினைத்தனர். உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்றொரு குழு பேசப்படுகிறது. ஏரியைக் காப்பதற்கென்றே ஊரார் தேர்ந்தெடுத்த குழு அது. பிற்காலத்தில் குடிமராமத்து என்ற பெயரால் ஊரார் ஒன்றுகூடி வாய்க்காலைத் தூர்வாருவதும் மதகைச் செப்பனிடுவதும் வழக்கமாயிற்று. 2017 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அரசு அப்பெயரைப் புதுப்பித்து ஒரு திட்டத்தைத் தொடங்கியபோது, தொடக்க விழா நம் தாம்பரத்திற்கு அணித்தான மணிமங்கலம் ஏரியில் நிகழ்ந்தது.

இடைப்பட்ட காலத்தில் நேர்ந்தது யாதெனில், வயல்கள் மனைகளாயின. ஆயக்கட்டு அற்றுப்போன ஏரிக்கு மதகு திறப்பார் இல்லை. வாய்க்காலை வேண்டுவார் இல்லாமையால், வேண்டாதவற்றையெல்லாம் கொட்டும் இடமாக அது மாறியது. அதன் பயனை நாம் எல்லோரும் நுகர்ந்தோம். 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவாயிற்று, முடிச்சூரில் வீடுகள் மூழ்கின. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், அதே நகரத்தில் குடிநீர் இல்லை. ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் நீர் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையும் முடிச்சூரும் மீண்டும் நீரில் நின்றன. வெள்ளமும் வறட்சியும் ஒரே நோயின் இரு குறிகள் என்பதை இதனினும் தெளிவாக எவர் உணர்த்த இயலும்? வந்த நீருக்கு வழியும் இல்லை. தங்க இடமும் இல்லை.

மீட்பதற்கு முனைந்தோரும் உளர். 2007 ஆம் ஆண்டில் அருண் கிருஷ்ணமூர்த்தி என்னும் இளைஞர் தொடங்கிய இந்தியச் சுற்றுச்சூழல் அறக்கட்டளை தன்னார்வலர்களைத் திரட்டி நீர்நிலைகளைத் தூய்மை செய்யத் தலைப்பட்டது. கீழ்க்கட்டளை ஏரிக்கான பணியை முன்னிட்டு 2012 இல் அவருக்கு உலக அளவிலான ரோலக்ஸ் விருதும் கிடைத்தது. சிட்லபாக்கத்தில் 2019 கோடையில் குடியிருப்போர் தாமே விடுமுறை நாள்களில் வறண்ட ஏரிக்குள் இறங்கிக் குப்பை கூளங்களை அகற்றினர். அதே ஆண்டில் அரசு அவ்வேரியின் சீரமைப்புக்கு 25 கோடி ரூபாயை அறிவித்தது. ஏறத்தாழ 100 ஏக்கர் பரப்புள்ள செம்பாக்கம் ஏரியைச் சீரமைக்கும் பணியில் நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் அறக்கட்டளை ஆகிய அமைப்புகளும் சென்னை ஐ.ஐ.டி.யும் கைகோத்தன. பள்ளிக்கரணை 2022 இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. அயல்நாட்டிலும் இவ்வாறே. இங்கிலாந்தில் கைவிடப்பட்டுச் சிதைந்திருந்த கென்னட் - ஏவன் கால்வாயைத் தன்னார்வலர்கள் பல பத்தாண்டுகள் உழைத்து மீட்க, 1990 இல் அரசியாரே வந்து அதைத் திறந்து வைத்தார்.

கால்வாய் என்றாலே நம் நினைவில் எழும் மற்றொன்றையும் சொல்லுதல் வேண்டும். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த கொடும் பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநரின் பெயர் கால்வாய்க்கு வாய்த்தது. ஒரு வேளைக் கஞ்சிக்காக மண் சுமந்தவர்களின் பெயர் எதற்கும் வாய்க்கவில்லை. பசித்தவர்கள் வெட்டிய கால்வாயில்தான் வயிறு நிறைந்த நாம் கழிவைக் கலந்தோம். நூறாண்டு கழித்து அதன் நடுவிலேயே பறக்கும் இரயிலுக்குத் தூண்களையும் நாட்டினோம்.

நூல்கள் காட்டும் வழி

இனி, அவ்விளைஞரின் வினாவிற்கு வருவோம். புழுவும் நத்தையும் ஈரறிவுயிர்கள். மீனும் தவளையும் ஐயறிவுயிர்கள். இவையன்றி மண்ணையே உடலாகக் கொண்ட உயிர்களும், நீரையே உடலாகக் கொண்ட உயிர்களும் உள என்பது நம் கொள்கை. ஆகவே மண்வெட்டி ஒருமுறை இறங்குவதும் சிறு நிகழ்ச்சி அன்று. இதைக் கேட்டு நகைப்போர் நகைக்கட்டும். உயிர் சிறிதாயின் வலியும் சிறிது என்று எண்ணிப் பழகியவன், நாளடைவில் சிறிது என்னும் அளவைத் தன் வசதிக்கேற்ப உயர்த்திக்கொண்டே போவான்.

இல்லறத்தார்க்கு நேரும் உயிர்க்கேட்டை நம் ஆசாரியர்கள் நான்காக வகுத்தனர். கொல்லவேண்டும் என்று எண்ணிக் கொல்லுதல் ஒன்று. உணவு சமைத்தல், வீடு கூட்டுதல் போன்ற இல்வாழ்க்கைச் செயல்களில் நேர்வது ஒன்று. தொழிலில் நேர்வது ஒன்று. தன்னையும் பிறரையும் காத்தற்பொருட்டு எதிர்ப்பதில் நேர்வது ஒன்று. இவற்றுள் முதலாவதைச் சாவகர் முற்றும் துறத்தல் வேண்டும். மற்ற மூன்றும் முற்றும் துறக்க இயலாதவையாதலால் அவற்றை இயன்றவரை குறைத்தல் வேண்டும். தூர்வாருவோர் எவரும் புழுவைக் கொல்ல எண்ணி இறங்கவில்லையாதலால், முதல் வகை அன்று என்பது தெளிவு.

அடுத்து, சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தின கரண்டகமும், அதன் வழியில் தமிழில் குறள் வெண்பாக்களால் அமைந்த அருங்கலச்செப்பும் அனர்த்த தண்டம் என்பதைக் கூறுகின்றன. பயனின்றிச் செய்யும் தீவினை என்பது அதன் பொருள். காரணமின்றி நிலத்தை அகழ்தலையும், நீரைக் கலக்குதலையும், தீ மூட்டுதலையும், மரஞ்செடிகளை வெட்டுதலையும் ஆசாரியர் அதன்பாற் படுத்துகிறார். அகழவே கூடாது என்று அவர் கூறவில்லை. வீணே அகழாதே என்றுதான் கூறினார். வாய்க்காலைத் தூர்வாருதல் வீண்செயல் அன்று. இவ்வளவில் விடை கிடைத்துவிட்டது என்று நாமும் முதலில் மகிழ்ந்தோம்.

ஆனால் ஆசிரியப் பணியில் பழகிய மனம் அமைதி கொள்ளவில்லை. பயன் உண்டு என்று காட்டினால் போதுமாயின், ஏரியைத் தூர்த்து அடுக்குமாடி எழுப்பியவரும் அதையே சொல்வார். ஆயிரம் பேருக்கு வீடு கிடைத்தது என்பார். பயன் என்ற ஒரு சொல்லால் எதையும் நியாயப்படுத்திவிடலாம். ஆகவே பயன் மட்டும் போதாது. செயல் நடக்கும் முறையும் வேண்டும்.

அம்முறை யாது என்பதற்கும் நூல்களே வழி காட்டுகின்றன. கவனமற்ற மனமொழிமெய்களால் உயிரைப் பிரித்தலே இம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் இலக்கணம் வகுத்தது. அமிர்தசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் மேலும் ஒரு படி சென்றார். விழிப்புடன் நடப்பவன் காலடியில் தற்செயலாக ஓர் உயிர் மாண்டாலும் அது அவனைப் பற்றாது; விழிப்பின்றி நடப்பவனோ, ஓர் உயிரும் மாளாவிடினும் இம்சை செய்தவனே ஆவான் என்பது அவர் கருத்து. இக்கருத்தின் பிற்பகுதியை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

விழிப்பு என்பது நெஞ்சில் மட்டும் இருப்பதாயின் அதனை எவரும் உரிமை கொண்டாடலாம். அது கையில் தெரிய வேண்டும். நாம் பிறந்த வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் நம் அன்னையார் கிணற்று நீரைத் துணியிட்டு வடித்த பின்னரே பயன்படுத்துவார். வடித்தவுடன் அப்பணி முடிந்துவிடாது. துணியைத் திருப்பிப் பிடித்து, வடித்த நீரையே அதன்மேல் வார்த்து, துணியில் தங்கிய நுண்ணுயிர்களை அதே கிணற்று நீரில் மெல்ல விட்டுவிடுவார். வேறு நீரில் விட்டால் அவை வாழா என்பார். உயிரைக் கொல்லாது விட்டது மட்டுமன்று, அது வாழும் இடத்திற்கே அதனைத் திருப்பி அனுப்பியதும் அந்த நோன்பின் பகுதி.

இதனை அவ்விளைஞரிடம் கூறினோம். அடுத்த ஞாயிறு முதல் பணியின் முறை சிறிது மாறிற்று. வாரிய சேற்றையும் ஆகாயத்தாமரையையும் உடனே வண்டியில் ஏற்றாமல் நீரோரத்திலேயே மாலை வரை பரப்பி வைத்தனர். அதிலிருந்த உயிர்களுள் பல தாமே ஊர்ந்து நீருக்குத் திரும்பின. பள்ளங்களில் அகப்பட்ட மீன்குஞ்சுகளைச் சிறுவர்கள் வாளிகளில் எடுத்து, மேலே நீர் தேங்கியிருந்த பகுதியில் விட்டனர். இரு கரையையும் ஒருசேரச் சுரண்டாமல், ஒரு கரைக் கோரையை அப்படியே விட்டு வைத்தனர். நாணற்புதரில் கூடு இருந்த இடத்தைக் கயிறு கட்டி ஒதுக்கினர். பணி சற்றே தாமதப்பட்டது. எவரும் குறை கூறவில்லை.

ஒரே பட்டியலில் இரண்டு

இங்கே கட்டுரையை முடித்திருக்கலாம். ஆயினும் நூல்களைப் புரட்டியபோது கண்ட ஒரு செய்தி நம்மைத் தடுத்தது. சாவகர் ஒழுக்கம் கூறும் நூல்கள் சில, இல்லறத்தார் விலக்க வேண்டிய தொழில்கள் பதினைந்தைப் பட்டியலிடுகின்றன. அப்பட்டியலில் நிலத்தை அகழும் தொழில் ஒன்று. ஏரி குளங்களை வற்றச் செய்யும் தொழில் மற்றொன்று. இரண்டும் ஒரே பட்டியலில் உள்ளன.

முதலாவதைப் பற்றி அவ்விளைஞர் கவலைப்பட்டார். இரண்டாவதைப் பற்றி எவர் கவலைப்பட்டோம்? சேற்றில் கிடந்த உயிர்கள் மண்வெட்டி வருமுன்பே அழிந்துகொண்டுதான் இருந்தன. கழிவுநீர் கலந்து, உயிர்வளி குன்றி, பல காலமாக அவ்வாய்க்காலில் பெரிய மீனையே எவரும் கண்டதில்லை. கொக்கு வருவதில்லை. நண்டு வளை இல்லை. அந்தச் சாவுகளை நாம் கூடையில் அள்ளிப் பார்க்கவில்லை; ஆகவே அவை நம் கணக்கில் ஏறவில்லை. கண்முன் துடிக்கும் ஒரு தவளைக் குஞ்சு நம் நெஞ்சைத் தொடுகிறது. ஒரு வாய்க்காலே மெல்ல மெல்ல மடிவது தொடுவதில்லை. விழிப்பின்றி இருப்பதே இம்சை என்று ஆசாரியர் கூறியது இதனைத்தான் போலும்.

கரையில் மோர்ப்பானையோடு அமர்ந்திருந்த நம் கை தூய கை என்றும், சேற்றில் இறங்கியவர் கை கறைபட்ட கை என்றும் எண்ணியிருந்தோமாயின், அது எவ்வளவு பெரிய பிழை!

பத்திரத்தில் ஒரு சொல்

இனிக் கூற வேண்டியதைக் கூறக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் கூறாது விடின் இக்கட்டுரை பொய்யாகிவிடும்.

மூன்றாம் ஞாயிறன்று இளைஞர்கள் நாடா கொண்டு வாய்க்காலின் அகலத்தை அளந்து வந்தனர். ஓரிடத்தில் அகலமாகவும் ஓரிடத்தில் குறுகியும் இருந்ததைத் தாளில் குறித்தனர். நம் வீட்டின் பின்சுவருக்கு நேரே வந்தபோது வாய்க்கால் சட்டென ஒடுங்கியது. நாடாவைப் பிடித்திருந்தவர் அளவைப் படித்தார், மற்றவர் எழுதிக்கொண்டார். எவரும் நம்மை ஏறிட்டுப் பார்க்கவில்லை. முதியவர், ஆசிரியை, மோர் கொடுப்பவர் என்ற மரியாதை. அந்த மௌனத்தை நம்மால் தாங்க இயலவில்லை.

அன்றிரவு பெட்டியைத் திறந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்தோம். 1984 இல் நாமும் நம் துணைவரும் எங்கள் சேமிப்பையெல்லாம் திரட்டி வாங்கிய மனை அது. நான்கெல்லை கூறுமிடத்தில் எழுத்தர் தெளிவாக எழுதியிருந்தார்: வடக்கே வாய்க்கால். வாங்கிய காலத்தில் அவ்வாய்க்காலில் மழை நாள்களில் நீர் ஓடியதையும், துணைவர் அதன் கரையில் நின்று நம் மகளுக்கு மீன் காட்டியதையும் நாம் அறிவோம். பின்னர் அது வறண்டது. 1991 இல் சுற்றுச்சுவர் எழுப்பியபோது, வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் வடக்கே நான்கடி தள்ளிக் கட்டினர். நாமும் கட்டினோம். இறந்துபோன வாய்க்கால்தானே, யாருக்கு என்ன நட்டம் என்று எண்ணினோம். அந்த நான்கடியில் ஒரு தென்னையும் வைத்தோம். 2015 இல் வெள்ளம் கூடத்திற்குள் முழங்காலளவு புகுந்தபோது, அரசு என்ன செய்கிறது என்று ஊரெல்லாம் கேட்டோம். நம் சுவரை நாம் கேட்கவில்லை.

இளைஞர் கேட்டது கொல்லாமையைப் பற்றி. விடையோ கள்ளாமையிலும் பொருள் வரைதலிலும் கிடந்தது. கொடுக்காததைக் கொள்ளுதல் களவு என்பதை நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கற்பித்தோம். பிறர் எழுதுகோலை எடுத்த சிறுவனைத் திருப்பிக் கொடுக்கச் செய்தோம். வாய்க்காலுக்கு உரியதை எடுத்த நமக்கு எவரும் பாடம் நடத்தவில்லை. புறம்போக்கு என்ற சொல்லை உரிமையாளர் இல்லாத நிலம் என்று பொருள்கொண்டு பழகிவிட்டோம். ஊரார் அனைவர்க்கும் உரியது என்பதே அதன் பொருளாதல் வேண்டும். மனிதர்க்கு மட்டுமன்று. அந்த நத்தைக்கும் தவளைக்கும், வரவேண்டிய கொக்குக்கும் உரியது. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007 ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் நம் வாயிலுக்கு வரும்வரை காத்திருப்பது அணுவிரதம் ஏற்றவர்க்கு அழகன்று.

ஐந்து விரதங்களும் ஐந்து தனிக் கதவுகள் அல்ல. ஒன்றைத் திறந்தவன் மற்றவற்றையும் திறந்தே ஆகவேண்டும். அளவுக்கு மிஞ்சிய நிலத்தை விரும்பியதால் பிறர்க்குரியதை எடுத்தோம். எடுத்ததனால் நீரின் வழி அடைபட்டது. அடைபட்டதனால் எண்ணற்ற உயிர்கள் மாண்டன. அவற்றை மீட்க இன்று இளைஞர்கள் மண்வெட்டி ஏந்த, அதனால் மேலும் சில உயிர்கள் மாள்கின்றன. அக்கொலையின் வேரைத் தேடிச் சென்றால் அது அவ்விளைஞரின் கையில் முடியவில்லை. நம் சுவரின் அடியில் முடிகிறது.

ஆகவே நாம் கண்ட விடை இது. தூர்வாருதல் குற்றமற்ற செயல் என்று நாம் கூறமாட்டோம். அது கடன் தீர்க்கும் செயல். கடன் தீர்ப்பவன் தன்னை வள்ளல் என்று எண்ணிக்கொள்ளலாகாது. மாலையில் கையலம்பிவிட்டு, இன்று இத்தனை வண்டி அகற்றினோம் என்று மார்தட்டாமல், இன்று நம்மால் மாண்ட உயிர்கள் நம்மைப் பொறுத்தருள்க என்று பிரதிக்கிரமணம் செய்தல் வேண்டும். அந்த வருத்தம் உள்ளவன் அடுத்த நாள் இன்னும் மெல்ல மண்வெட்டியை இறக்குவான். வருத்தமே வேண்டாம் என்பவனும், வருத்தத்தால் பணியையே கைவிடுபவனும் தவறுகின்றனர். முன்னவன் உயிரை மறந்தான். பின்னவன் தன் தூய்மையை மட்டுமே நினைத்தான்.

நம் சுவரைப் பற்றியும் கூறி முடிப்போம். மகளும் மருமகனும் முதலில் தயங்கினர். மற்றவர் எவரும் செய்யாதபோது நாம் மட்டும் ஏன் என்றனர். எவரேனும் ஒருவர் முதலில் செய்தாக வேண்டும் என்பதைத் தவிர நம்மிடம் வேறு விடை இல்லை. நில அளவரை வரவழைத்துக் கல் நடச் செய்து, ஓய்வூதியத்திலிருந்து செலவு செய்து, சுவரை நான்கடி உள்ளே தள்ளிக் கட்டினோம். தென்னையை வெட்ட மனம் வரவில்லை. அது இப்போது சுவருக்கு வெளியே கரையில் நிற்கிறது. காய் யாருக்கு என்று பக்கத்து வீட்டுச் சிறுவன் கேட்டான். விழும்போது கீழே நிற்காதவர் எல்லோருக்கும் என்றோம். அவ்வரிசையில் இதுவரை மற்றொரு வீட்டார் மட்டும் தம் சுவரைப் பின்வாங்கினர். மற்றவர்களை நாம் குறை கூறவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாமும் அவர்களோடுதான் இருந்தோம்.

ஐப்பசி மழையில் வாய்க்காலில் நீர் ஓடிற்று. கலங்கிய நீர்தான், நடுநடுவே நெகிழிப் புட்டிகளும் மிதந்து வந்தன. ஆயினும் அது நிற்கவில்லை. செல்ல வேண்டிய திசையில் சென்றது. குடைபிடித்துக் கரையில் நின்றபோது, ஒரு கொக்கு கோரையோரம் ஒற்றைக் காலில் நிற்கக் கண்டோம். அவ்விளைஞரும் அருகில் இருந்தார். "பாட்டி, இனி இந்தக் கொக்கு மீனைத் தின்னுமே, அந்தப் பாவம் யாருக்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அதற்கும் சிந்தித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறோம்.

அன்பர்களே, நம் குடும்பங்கள் வந்தவாசி, திண்டிவனம், ஆரணிப் பக்கங்களிலிருந்து பணி நாடி இப்புறநகரங்களுக்கு வந்து, மனை வாங்கி, வீடு கட்டி, வேரூன்றியவை. தூர்வாரும் பணிக்கு நம் பிள்ளைகளை மனமுவந்து அனுப்புவோம். விழிப்புடன் செய்யுமாறு சொல்லி அனுப்புவோம். அதற்கு முன்பாக ஒரு சிறு வேலை உண்டு. இன்றிரவே பெட்டியைத் திறந்து, வீட்டுப் பத்திரத்தை எடுத்து, நான்கெல்லையையும் ஒருமுறை நிதானமாகப் படிப்போமாக.